குச்சாய்த் தகரம்

— மோந்து பாரு லூசி. நல்லாக் கசக்கி மோந்து பாரு.

— மோந்துட்டேன்கா.

— என்ன வாசம் வருது?

— பச்சை வாசம்தான். புல்லு வாசம்.

— குச்சாய்க் கீரையைக் கசக்குனா கை பூரா வெங்காயம் மாதிரி நாறணுமா இல்லையா?

— நாறணும். ஆனா முறத்துல கிடக்கறது காலையில வெட்டுன மிச்சம்தானேக்கா. வெயில்ல வாடி வாசம் போயிருக்கும்லா.

— வாடுனா வாசம் இன்னும் கூடத்தான் செய்யும். இந்தா பாரு, நான் விரதக்காரி. வெங்காய ஜாதி கையில பட்டுடக் கூடாதேன்னு விரல் நுனியாலதான் முறத்தைத் தூக்கினேன். அப்படியும் ஒரு கீத்து ஒட்டிக்கிச்சு. கழுவலாம்னு பைப்படிக்குப் போனவ, எதுக்கும் மோந்து பாத்தேன். கழுவறதுக்கு ஒண்ணுமே இல்ல.

— உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கும்.

— உனக்குமா சளி? எந்தத் தகரத்துல வெட்டுன, வந்து காட்டு.

— எந்தத் தகரமா? நமக்கு இருக்கறதே ஒரு குச்சாய்த் தகரம்தானே. இதோ, பைப்படி ஓரத்துல, மண்ணு நிரப்பிச் சுண்ணாம்பு அடிச்சது. நீங்களும் நானும் சேந்துதானே வச்சோம் பவுனக்கா? சீனன் தோட்டத்துல வேரோட கேட்டு வாங்கியாந்து, அடுப்புச் சாம்பலும் அரிசி களைஞ்ச தண்ணியுமா ஊத்தி...

— கதையெல்லாம் அப்புறம். கையை விட்டு விலக்கிப் பாரு. அடியில என்ன இருக்கு?

— அடியில... குட்டையா ஒரு கத்தை நிக்குது. ரெண்டு விரக்கடை உசரம். நுனி வெட்டுப்பட்டிருக்கு.

— அது எப்ப வெட்டுனது?

— வெள்ளிக்கிழமை. எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை கறி கிடையாதுல்ல, முட்டையில போடலாம்னு நான்தான் வெட்டினேன். வேரு அசையாம, அடி விட்டுத்தான் வெட்டினேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே.

— வெள்ளிக்கிழமை மொட்டையடிச்சது ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு சாண் வளந்துருமா?

— மழை பேஞ்சுச்சேன்னு நினைச்சேன். குச்சாய் வெட்ட வெட்ட வளரும்னு நீங்களே சொல்லுவீங்களே.

— வளரும். ரெண்டு நாள்ல வளர அது என்ன பொய்யா? சுத்தி ஓங்கி நிக்குதே, அதுல ஒண்ணைப் பிடுங்கு.

— வருதுக்கா. ஐயோ, கிழங்கோட வருது. சின்ன வெங்காயம் மாதிரி உருண்டையா இருக்கு. குச்சாய் வேருல இப்படி உருண்டை இருக்காதே.

— நகத்தால கீறு. கண்ணு எரியுதா?

— இல்ல. கொழகொழன்னு பால் மாதிரி என்னமோ வருது.

— முருகா! ஏ புள்ள, இது மழைப்பூ. மழை பேஞ்ச ரெண்டு மூணு நாள்ல ரோஸ் கலர்ல பூத்து நிக்குமே, தண்டவாளத்து ஓரம் பூரா, துரை பங்களா வாசல் பூரா, அந்தச் செடி. பூவு இல்லாட்டி இதுக்கும் குச்சாய்க்கும் யாரால வித்தியாசம் சொல்ல முடியும்?

— தம்புசாமி மாமா வீட்டு ஆடு...

— பேசாத.

— பங்களாக் குப்பையில கொட்டுன இந்தக் கிழங்கைத்தானே தின்னுச்சு? வாயில நுரை நுரையாத் தள்ளி, பொழுது சாயறதுக்குள்ள காலை நீட்டிக்கிச்சே...

— பேசாதன்னேன்!

— எப்படிக்கா பேசாம இருக்கறது? ஆபீஸ் கிராணியார் சாப்பிட்டுட்டுப் போயிருக்காரு. வீட்டுக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, தவுகே முளைப்பயறோட சேத்து ஒரு சட்டி வதக்கி வச்சிருக்கோம். உங்க வீட்டு அண்ணன்தானே சொன்னாரு, கிராணியார் ரயில்வே யார்டுல நின்னுக்கிட்டு, குச்சாய் எங்கய்யா கிடைக்கும், பாசார்ல சீனத்தி கொண்டு வரதே இல்லையேன்னு விசாரிச்சாருன்னு. அவருக்குக் குச்சாய்னா உசுரு போலன்னு நீங்கதானே சொன்னீங்க.

— உசுருன்னு சொன்னேன். உசுரை எடுன்னா சொன்னேன்?

— அவரு எவ்வளவு சாப்பிட்டாரு? நீங்க பாத்தீங்களா?

— நான் எப்படிப் பாக்கறது? அந்நிய ஆம்பளை சாப்பிடற எடத்துல பொம்பளை போய் நிக்கறதா? திரைக்குப் பின்னால இருந்து ஒவ்வொண்ணா நீட்டினேன், எங்க வீட்டுக்காரரு வாங்கிப் பரிமாறினாரு. ரசத்தை நீட்டிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். இலையை எடுக்கப் போனப்பதான் பாத்தேன்.

— இலையில?

— துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. சட்டியும் காலி. எனக்கு அப்பச் சந்தோசம் தாங்கலை.

— சேசுவே! அண்ணனும் தின்னிருப்பாரோ?

— அவரு காவடி எடுக்கறவரு. தைப்பூசம் முடியற வரைக்கும் வெங்காயம் பூண்டு பக்கம் திரும்ப மாட்டாரு. நானும் தொடல, அவரும் தொடல. சட்டியில இருந்த அத்தனையும் அந்த ஒரு மனுசன் வயித்துக்குள்ள.

— அக்கா, நான்தானே வெட்டினேன்.

— ஆமா. நீதான் வெட்டின. நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்தக் கிழங்கு இந்தத் தகரத்துக்குள்ள எப்படி வந்துச்சு?

— எனக்கெப்படித் தெரியும்?

— விரதம் தொடங்கினதுல இருந்து நான் இந்தத் தகரத்துக்குத் தண்ணி கூட ஊத்தறதில்ல. நீதான் ஊத்தற, நீதான் களை எடுக்கற, நீதான் வெட்டற.

— அதுக்கு?

— யார்டுல தண்டவாளம் மாத்தி விடற ரெண்டு பாயிண்ட்ஸ்மேன்ல ஒருத்தரைத்தான் வச்சுக்குவாங்களாம். இன்னொருத்தருக்கு சீட்டைக் கிழிச்சு ஊருக்குக் கப்பலேத்தி விட்டுருவாங்களாம். எம் புருசனா, உம் புருசன் கிரிகரியான்னுதானே பிரிக்பீல்ட்ஸ் பூரா பேச்சு? யாரு நிக்கறதுன்னு துரைகிட்ட சொல்லப் போறது இந்தக் கிராணி. எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அந்தக் கிராணி வாயில நுரை தள்ளினா, யாரு போவாங்க, யாரு நிப்பாங்க?

— அக்கா!

— பதில் சொல்லு.

— சொல்றேன். நல்லாக் கேட்டுக்கங்க. நான் வேணும்னு வச்சிருந்தா, மிச்சத்தை முறத்துல உங்க கண்ணு முன்னால போட்டுட்டுப் போவேனா? சாக்கடையில வீசிட்டுக் கையைக் கழுவியிருக்க மாட்டேனா? நீங்க கூப்பிட்டதும் ஓடியாந்து, கசக்கி மோந்து, மண்ணைத் தோண்டிக் காட்டிக்கிட்டு நிப்பேனா? வதக்கும்போது உப்புப் பாக்கட்டுமான்னு நான் கேட்டேனா இல்லையா?

— கேட்ட.

— கரண்டியைக் கையில இருந்து பிடுங்கினீங்க. தைப்பூசம் முடியற வரைக்கும் இந்த வீட்டு அடுப்புல வெந்தது எதையும் சாமிக்குப் படைக்காம யாரும் நாக்குல வைக்கக் கூடாதுன்னீங்க. நான் வேதக்காரப் பொண்ணு, எனக்கென்ன விரதம்? இருந்தாலும் உங்க விரதத்துக்கு மரியாதை குடுத்து வாயை மூடிக்கிட்டு வதக்கினேன். எங்க வீட்டு அடுப்புல வதக்கியிருந்தா ஒரு கீத்தை வாயில போட்டுப் பாத்திருப்பேன். அப்பவே காறித் துப்பியிருப்பேன். இன்னிக்குக் கிராணியார் வயித்துல எதுவும் போயிருக்காது.

— பக்கத்துலயே நின்னியே, வாசம் வரலைன்னு தெரியலையா?

— பெருங்காயத்தைக் கரண்டி கரண்டியாப் போடச் சொன்னது யாரு? அந்தப் பெருங்காயத்துக்கு நடுவுல செத்த எலி கிடந்தாக்கூட மூக்குக்குத் தெரியாது. ஒதுங்கி நிக்கறேன்னு அங்கிட்டு நின்னது நீங்க. கண்ணு எரிய அடுப்படியில நின்னவ நான். என்னைப் போயி... என் கையில கஞ்சி வாங்கிக் குடிச்ச வாயால...

— சரி விடு. அழாத.

— விட முடியாதுக்கா. நான்தான் வச்சேன்னு நீங்க நம்புறீங்களா?

— இரு. சுண்ணாம்பு. தகரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சது யாரு?

— அண்ணன்தான். நேத்து சாயங்காலம்.

— நேத்து நான் பருப்பு வறுத்துக்கிட்டு இருந்தேன். இவரு வாசப்படியில வந்து நின்னாரு, கையெல்லாம் மண்ணு. கிராணியார் கை கழுவ பைப்படிக்குத்தானே வருவாரு பவுனு, தகரம் மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும், பூ ஏதாச்சும் ஊனி வைக்கட்டுமான்னாரு. நான் வாணலியை விட்டுக் கண்ணை எடுக்காம, வையுங்கன்னேன்.

— எந்தப் பூன்னு கேக்கலையா?

— பருப்பு கருகிடுமேன்னு இருந்தேன். கடவுளே! குச்சாய்க்கு நடுவுல, சந்து தெரியாம, ஒண்ணு விடாம ஊனியிருக்காரு பாரு. மழை ரெண்டு நாள் முன்னாலயே பேஞ்சிருந்தா பூத்திருக்கும். பூத்திருந்தா நீ பாத்திருப்ப. பாழாப்போன மழை நேத்து ராத்திரிதான் பேஞ்சுச்சு.

— அப்ப நான் இல்ல.

— நீ இல்ல. என்னை மன்னிச்சுடு புள்ள. பயத்துல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்.

— மன்னிப்பு கிடக்கட்டும்கா. கிராணியார் இப்ப எங்க இருப்பாரு?

— ஸ்டேஷன்ல. கிள்ளான் ரயிலுக்குப் போறாரு. மாமியார் வீடு அங்கதானாம், ஞாயித்துக்கிழமை தவறாம போவாராம். இவரும் வழியனுப்பக் கூடப் போயிருக்காரு.

— ரயில் இன்னும் ஊதல. நான் குறுக்கு வழியா ஓடறேன். ஓடிப்போய் விசயத்தைச் சொன்னா, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கிட்டக் கூட்டிப் போயி உப்புத் தண்ணியைக் குடுத்து வெளிய எடுத்துருவாங்க. ரெண்டே நிமிசம்...

— நில்லு.

— கையை விடுங்கக்கா.

— நில்லுன்னேன். ஓடிப்போயி என்னன்னு சொல்லுவ? நாகையா வீட்டுல கிராணியாருக்கு விஷம் வச்சோம்னா?

— தெரியாம நடந்துச்சுன்னு சொல்லுவேன்.

— தெரியாமன்னு அவங்க நம்பணுமே. இப்ப ஒரு நிமிசம் முன்னால நானே உன்னை நம்பலையே! உன் கூடவே பாத்திரம் கழுவி, உன் தலையில பேன் பாத்த நானே நம்பல. ஆபீஸ்ல உக்காந்து எழுதற மனுசன் நம்புவாரா? வேலை கேட்டான், விருந்து வச்சான், விருந்துல கெழங்கை வச்சான்னுதான் சொல்லுவாரு.

— அதுக்காக மனுசனைச் சாக விடறதா?

— சாக மாட்டாரு. ஆடு வேற, ஆள் வேற. ஆடு கிழங்கைத் தின்னுச்சு. நாம வதக்குனது தாளைத்தான். அவரு ஆளைப் பாத்தியா, கதவு அடைக்க நிக்கறாரு. ரெண்டு வாந்தி, நாலு பேதி. நாளைக்கு எந்திரிச்சு உக்காந்துருவாரு. மாமியார் வீட்டுக் கறி ஒத்துக்கலைன்னு நினைச்சுக்குவாரு. எந்த மருமகன்தான் மாமியார் சமையலைக் குத்தம் சொல்லல?

— உங்களுக்கு எப்படிக்கா இப்படிப் பேச வருது?

— வருதுடி. உனக்கென்ன, நீ பொறந்தது இந்த மண்ணு. கப்பலைக் கிள்ளான் துறைமுகத்துல கட்டிப் போட்டுத்தான் நீ பாத்திருப்ப. நடுக்கடல்ல நின்னு பாத்திருக்கியா?

— இல்ல.

— நான் வரும்போது என் இடுப்புல ஒரு பிள்ளை இருந்துச்சு. உனக்குத் தெரியுமா?

— தெரியாதுக்கா. நீங்க சொன்னதே இல்லையே.

— யார்கிட்டயும் சொல்லல. ஏறும்போது இருந்துச்சு, இறங்கும்போது இல்ல. பேதி. மேல்தட்டுல வெயில்ல கிடந்து, தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு. குடுத்த தண்ணியும் நிக்கல. ஒரு சாக்குத் துணியில சுத்தி, எம் புருசன் கையில இருந்து வாங்கி, தூக்கிப் போட்டாங்க. சத்தம் கூடப் பெருசாக் கேக்கல. கப்பல் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருந்துச்சு.

— அக்கா...

— அந்தத் தண்ணி மேல என்னை மறுபடி ஏறச் சொன்னா நான் செத்துப் போவேன் லூசி. பயமா இருக்குடி. கப்பலேத்தறாங்கன்னு யாராவது பேசினாலே காதைப் பொத்திக்கிட்டு உள்ள போயிருவேன். பத்துமலைக்குப் பால்குடம் எதுக்குன்னு நினைச்ச? அவரு காவடி எதுக்கு? பொன்னு பொருளா கேட்டோம்? இங்கயே இருக்க விடு முருகான்னுதான் கேட்டோம்.

— எனக்கும் புருசன் இருக்காரு. அவரு வேலை போனா நாங்களும்தான் தெருவுல நிப்போம். இருந்தாலும் கிராணியாரை அப்படியே விட்டுட்டு இருக்க என்னால முடியாதுக்கா. ராத்திரி செபம் சொல்ல வாய் வராது.

— அப்பச் சரி. போ. போயிச் சொல்லு. ஆனா ஒண்ணு. கேட்டா நானும் உள்ளதைத்தான் சொல்லுவேன். வெட்டினது யாரு? நீ. நறுக்கினது யாரு? நீ. அடுப்படியில நின்னு வதக்கினது யாரு? நீ. விரதக்காரி பவுனம்மாள் கை அதுல படவே இல்லைன்னு இந்த லைன் வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும். கிரிகரி பொண்டாட்டி எதுக்கு வேலை மெனக்கெட்டு நாகையா வீட்டுல வந்து சமைச்சான்னு அவங்களே முடிச்சுப் போட்டுக்குவாங்க.

— அக்கா, நீங்களா பேசறீங்க?

— நான்தான்.

— இப்பத்தானே மன்னிச்சுடுன்னீங்க?

— மன்னிப்பு கேட்டது உன் கூடப் பொறக்காத அக்கா. இப்பப் பேசறது கப்பலுக்குப் பயந்தவ. உன் கழுத்துல தொங்குதே மாதா படம், அதைப் பிடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு.

— மாதாவை இதுக்கெல்லாம் இழுக்காதீங்க.

— சொல்லு புள்ள. உன் புருசனையும் நினைச்சுக்கிட்டுச் சொல்லு.

— சொல்ல மாட்டேன்... யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போதுமா? ஆனா பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லுவேன்.

— சாமியார்கிட்டச் சொல்லிக்க. சாமியார் ஆள் குறைக்க மாட்டாரு.

— ரயில் ஊதுது.

— ஆமா.

— போயிருச்சுக்கா.

— போகட்டும். இனிமே நீ ஓடினாலும் ஒண்ணும் ஆகாது. முறத்தைக் கழுவு. அந்த மிச்சத்தை மண்ணுக்குள்ள புதைச்சிரு, தம்புசாமி மாமா இன்னொரு ஆடு வாங்கியிருக்காரு. கண்ணைத் துடைச்சுக்க. அவரு வர நேரம்.

— அண்ணன்கிட்டயாவது சொல்லலாம்ல?

— வேணாம். அவரு மனசுல எதையும் ஒளிக்கத் தெரியாதவரு. மூஞ்சியே எல்லாத்தையும் சொல்லிரும்.

— பவுனு! ஏ பவுனு! எங்க இருக்க?

— இங்கதாங்க. பைப்படியில.

— நிலைச்சிருச்சு பவுனு! நம்ம வேலை நிலைச்சிருச்சு! ரயில்ல ஏறி உக்காந்து, ஜன்னல் வழியாக் கையை நீட்டி, என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு. நாகையா, நாளைக்குத் துரைகிட்ட உன் பேரைத்தான் சொல்லப் போறேன்னு. அதான் சங்கதி! இந்தக் கையைத்தான் பிடிச்சாரு. ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க?

— ஒண்ணுமில்லைங்க.

— லூசி, நீயும் இங்கயா இருக்க? நான் கவனிக்கல தங்கச்சி. உன் முன்னால இப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

— பரவால்லண்ணே. எங்க வீட்டுக்காரர் பேரு இல்லைன்னு ஆயிருச்சு. அவ்வளவுதானே?

— கிரிகரி நல்லவன்மா. நான் வேணும்னா காஜாங் பக்கம் தோட்டத்துல விசாரிக்கறேன். கப்பலேற விட மாட்டேன்.

— விசாரிங்கண்ணே. கிராணியாருக்குச் சாப்பாடு பிடிச்சுச்சா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நல்லாத்தானே ரயில் ஏறினாரு?

— லூசி, நீ வீட்டுக்குப் போ. வேலை கிடக்கும்.

— ஏன் அவளை விரட்டற? கேக்கட்டுமே, அவ வதக்குனதுதானே. நல்லாத்தாம்மா ஏறினாரு. சாம்பாரை மூணு தடவை வாங்கினாரு. ரசத்தை உள்ளங்கையில வாங்கிக் குடிச்சாரு. ஆனா ஒண்ணு, நீ கஷ்டப்பட்டு வதக்கின குச்சாயை மட்டும் தொடவே இல்ல.

— தொடலையா?

— ஒரு வாய் கூட வைக்கல.

— மாதாவே! ஸ்தோத்திரம்! அக்கா, கேட்டீங்களா? தொடவே இல்லையாம்!

— இலை காலியா இருந்துச்சேங்க. சட்டியும் காலியா இருந்துச்சே.

— அங்கதான் சங்கதி இருக்கு. சாப்பிட்டு முடிச்சாரு, குச்சாயை மட்டும் இலை ஓரத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாக்கறாரு. பிடிக்கலைங்களான்னேன். வெக்கப்பட்டுக்கிட்டே சொல்றாரு, எனக்குக் குச்சாயே பழக்கம் இல்ல நாகையா, இது கிள்ளான்ல இருக்கற என் சம்சாரத்துக்கு, எடுத்துட்டுப் போகட்டுமான்னு. முழுகாம இருக்காங்களாம். மூணாம் மாசம். தண்ணி குடிச்சாக்கூட வெளிய வந்துருதாம். குச்சாய் வேணும், குச்சாய் வேணும்னு ஒரே ஆசையாம். அதுக்குத்தான் யார்டு பூரா விசாரிச்சிருக்காரு மனுசன். எனக்கு மனசு கேக்கல. சட்டியில இருந்ததையும் வழிச்சு, புது இலை கிழிச்சு, நானே பொட்டலம் கட்டிக் குடுத்தேன். அவ ஒரு வாய் சாப்பிட்டுட்டா போதும் நாகையா, உன்னை மறக்க மாட்டேன்னாரு. மாசமா இருக்கறவ ஆசையைத் தீத்து வைக்கறது எவ்வளவு புண்ணியம்! என்ன பவுனு? ஏன் தகரத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்ட? மயக்கமா வருதா?

— அக்கா, சத்தியம் வாங்கினது நீங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்க திறங்க.

— என்ன சத்தியம்? ரெண்டு பேரும் என்ன பேசறீங்க?

— ஏங்க, அந்த ரயில் கிள்ளான் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

— அது நின்னு நின்னு போகும். பெட்டாலிங், பத்து தீகா... ஒரு மணி நேரமாவது ஆகும். எதுக்கு?

— நம்ம ஸ்டேஷன்ல இருந்து தந்தி அடிச்சா அதுக்கு முன்னால போகுமா?

— தந்தி நிமிசத்துல போயிரும். ஆனா என்ன ஏதுன்னு ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டச் சொல்லாம எப்படி அடிக்கறது? சொன்னா ஒரு ஸ்டேஷன் பாக்கி இல்லாம தெரிஞ்சு போயிருமே. யாருக்குத் தந்தி அடிக்கணும்?

— கிள்ளான் ஸ்டேஷனுக்கு. கிராணியார் இறங்கும்போதே அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கி எறியச் சொல்லுங்க. அதுல விஷம் இருக்குன்னு சொல்லுங்க.

— உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?

— நேத்து நீங்க தகரத்துல ஊனினது மழைப்பூக் கிழங்குங்க. தம்புசாமி மாமா ஆடு தின்னு செத்துச்சே, அது. குச்சாய்னு நினைச்சு அதோட தாளை வெட்டி வதக்கியாச்சு. கொஞ்ச நேரம் முன்னாலதான் கண்டுபிடிச்சோம். ரயில் ஊதுனப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். பெரிய ஆளு, வாந்தி எடுத்தாத் தாங்குவாருன்னு உக்காந்திருந்தேன்.

— ஐயோ... அழகா இருக்கும்னுதானே பவுனு ஊனினேன்... போன மழையில தண்டவாளத்து ஓரத்துல பூத்துக் கிடந்துச்சு... ஐயோ, நானே கட்டிக் குடுத்தேனே...

— ஏற்கெனவே தண்ணி கூடத் தங்காத வயிறுங்க. அதுல இது போனா தாயும் தாங்க மாட்டா, பிள்ளையும் தாங்காது. நிக்காதீங்க. ஓடுங்க.

— நம்ம வேலை போயிரும் பவுனு. இப்பத்தான் கையைப் பிடிச்சுச் சொன்னாரு. இந்தத் தந்தி போச்சுன்னா, நாளைக்கே நம்மளை...

— எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் பொண்ணு ஆசையோட பிரிச்சு வாயில வைக்கறது கண்ணுக்குள்ளயே நிக்குது. என்னால உக்காந்திருக்க முடியாது. ஓடுங்கன்னா!

— மாஸ்டர் கேப்பாரு. யாரு வெட்டினது, யாரு வதக்கினதுன்னு ஆதியோட அந்தமாக் கேப்பாரு. என்னத்தைச் சொல்ல?

— என் பேரைச் சொல்லுங்கண்ணே. வெட்டினது நான்தான், வதக்கினதும் நான்தான். எங்களுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு?

— இருக்குடி. எங்க பேரு போச்சுன்னா யார்டு வேலைக்கு உங்க பேருதான் நிக்கும். ஏங்க, வெட்டினதும் வதக்கினதும் பவுனம்மாள்னு சொல்லுங்க.

— விரதத்துல இருக்கறவ வெங்காய ஜாதியைக் கையால தொட்டாளான்னு லைனே காறித் துப்புமே பவுனு. பால்குடத்தைத் தொட விடுவாங்களா?

— துப்பட்டும். நீங்க ஓடுங்க. யாரு எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பேச்சுதான். லூசி இன்னிக்கு நம்ம வீட்டு வாசப்படியை மிதிக்கவே இல்லைங்க.